வாரம் பூரா விளையாட்டுதான் என்கிறான், நோட்டில் ஒரு வரி இல்லை. இது படிப்பா?

ஒரு வாசகரின் கேள்வி: ஜூலை 12, 2025, சனி

என் மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இந்த வாரம் என்ன படித்தாய் என்று கேட்டால் பாட்டுப் பாடினோம், குச்சி எண்ணினோம், பொம்மை செய்தோம் என்கிறான். நோட்டைத் திருப்பினால் காலி. நாங்கள் படித்த காலத்தில் மூன்றாம் வகுப்பிலேயே பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். பக்கத்துத் தெருப் பையன் தனியார் பள்ளியில் தினம் நாலு பக்கம் வீட்டுப்பாடம் எழுதுகிறான். தொடக்கப் பள்ளி ஆசிரியர் யாராவது இருந்தால் நேராகச் சொல்லுங்கள், வகுப்பில் ஒரு வாரம் என்னதான் நடக்கிறது?

ஜூலை 12, இரவு

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியைதான். நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக்கரையை ஒட்டிய ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். நேராகச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். நோட்டு நிரம்பியிருப்பது பிள்ளைக்குப் பாடம் தெரியும் என்பதற்குச் சாட்சி ஆகாது. கரும்பலகையைப் பார்த்து அட்சரம் பிசகாமல் நாலு பக்கம் எழுதிவிட்டு, அதில் ஒரு வரியை வாசி கண்ணு என்றால் முழிக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் என்னிடம் வருகிறார்கள். கோலம் போடுகிற மாதிரி எழுத்தை வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கவலையைத் தள்ளிவிடவும் மாட்டேன். விளையாட்டு விளையாட்டோடு முடிந்துபோகிற வகுப்புகளும் உண்டு. குச்சியை எண்ணி முடித்ததும் மூலையில் கட்டி வைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவினால் அந்த ஒரு மணி நேரம் வீண். எண்ணிய பிறகு பிள்ளை என்ன பேசுகிறது, அப்புறம் என்ன எழுதுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரும் வாரம் என் வகுப்பில் நடப்பதை அன்றன்றைக்கு முடிந்தவரை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஜூலை 13, ஞாயிறு

நாளை தொடங்கும் முன் கொஞ்சம் பின்னணி, இல்லையென்றால் அரும்பு மொட்டு என்று நான் எழுதுவது புரியாது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு வந்த பிள்ளைகளில் பலருக்கு எழுத்தே கை நழுவியிருந்தது. அதற்காகத்தான் 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும், அதை 2025-க்குள் எட்ட வேண்டும் என்பது நோக்கம். முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அப்புறம் நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துக்கொள்கிறோம். எழுத்து இன்னும் பிடிபடாத பிள்ளை அரும்பு, சொல்லும் சிறு வரியும் வாசிப்பது மொட்டு, தன் வகுப்புப் பாடத்தைத் தொடர்ந்து வாசிப்பது மலர். அதனால் ஒரே மூன்றாம் வகுப்பில் மூவர் மூன்று பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். "என் பிள்ளைக்கு ஏன் சின்னப் பிள்ளைப் பாடம்?" என்று சண்டைக்கு வந்த அம்மாக்கள் உண்டு. பிள்ளை வழுக்கி விழுந்த படியிலிருந்து ஏற்றினால்தான் மேலே போகும். மூன்றாம் வகுப்பில் இருக்கிறது என்பதற்காக மூன்றாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டிக்கொண்டு போனால் ஐந்தாவதிலும் அது எழுத்துக்கூட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று. பிள்ளைகளை 'ப' வடிவில் உட்கார வைப்பது பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது, கழுத்து வலிக்கும், கடைசி பெஞ்சே இருக்காது என்றெல்லாம். எங்கள் அறையில் பெஞ்சே கிடையாது. பாயில்தான் உட்கார்வோம், பாடலுக்கு வட்டம், கணக்குக்கு மூன்று குழு, வாசிக்கும்போது அவரவர் இஷ்டம், சிலர் சுவரில் சாய்ந்து, ஒருவன் ஜன்னல் திண்ணையில். எந்த வடிவம் என்பதைவிட ஆசிரியர் எழுந்து ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் போய் உட்கார இடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

ஜூலை 14, திங்கள்

காலை உணவு முடிந்து கை கழுவிவிட்டு வந்ததும் பிள்ளைகளே வருகைப் பதிவில் தங்கள் பெயருக்கு நேரே குறி போடுவார்கள். அப்புறம் காலநிலை அட்டவணை, வெயிலா, மேகமா, காற்றா என்று. இன்று "வெயிலும் இருக்குது காத்தும் அடிக்குது, எதைப் போட?" என்று ஒன்றாம் வகுப்பில் பெரிய வழக்கு. ஆனிக் கடைசிக் காற்று, எங்கள் ஊரில் சும்மா இருக்காது. இரண்டையும் போடலாம் என்று தீர்ப்பானது.

இந்த வாரம் வியாழக்கிழமை ஆடி 1. சேலம், நாமக்கல், கரூர் பக்கத்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தேங்காய் சுடும் நாள். அதனால் வாரம் முழுவதையும் தேங்காயைச் சுற்றியே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் செயல்பாடு என்று குதிப்பதைவிட ஒன்றையே பிடித்துக்கொண்டு கணக்கு, மொழி, சூழ்நிலையியல் என்று போனால் பிள்ளைக்கு ஒன்றோடொன்று ஒட்டும்.

முதலில் ஈர்க்குச்சி. தென்னங்கீற்றைக் கிழித்து ஈர்க்கு எடுத்து ஒரே அளவாக நறுக்கும் வேலையை இரண்டாம் வகுப்பு செய்தது. பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டார்கள். ஒன்றாம் வகுப்பு அவர்கள் கட்டியதைச் சரிபார்க்க வேண்டும். ஒரு கட்டில் ஒன்பதுதான் இருக்கிறது என்று ஒரு பொடியன் கண்டுபிடித்துவிட்டு அன்று முழுக்க யாரையும் விடவில்லை.

மூன்றாம் வகுப்புக்கு 42-இலிருந்து 17 போனால் எவ்வளவு. ஆட்டுக்காரர் மகன் ஒருவன் இருக்கிறான், வாய்க்கணக்கில் புலி. சிலேட்டில் போட்டால் 35 என்று எழுதுவான். இரண்டில் ஏழு போகாது, ஆகவே ஏழில் இரண்டு போக ஐந்து, நாலில் ஒன்று போக மூன்று. மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இந்தத் தவறைச் செய்வார்கள், எந்தப் பள்ளியாக இருந்தாலும். "பக்கத்துல கடன் வாங்கு" என்று நூறு தடவை சொன்னாலும் யாரிடம், எதற்கு, எவ்வளவு கடன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இன்று நாலு கட்டும் இரண்டு உதிரியும் அவன் முன்னால் வைத்தேன். எனக்குப் பதினேழு குச்சி கொடு சாமி என்றேன். ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தான். இரண்டு உதிரியையும் கொடுத்தான். "இன்னும் அஞ்சு கொடுக்கோணும்" என்று கையை நீட்டியவன் அப்படியே நின்றான். கட்டுகளைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். நான் வாயே திறக்கவில்லை, அதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. கடைசியில் கேட்டான், "டீச்சர், இந்த ரப்பர் பேண்டைக் கழட்டிக்கலாங்களா?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஈர்க்கு கிழித்தது எல்லாம். கழற்றினான், ஐந்தை எண்ணிக் கொடுத்தான், மிச்சத்தை எண்ணினான், 25. அப்புறம்தான் சிலேட்டில் 42-ஐ எழுதச் சொல்லி, நாலை அடித்து மூன்றாக்குவது எந்தக் கட்டைப் பிரித்ததற்கு என்று அவனையே சொல்ல வைத்தேன். நோட்டில் இன்று அவன் எழுதியது இரண்டே கணக்கு. வீட்டில் பார்த்தால் காலி நோட்டு என்றுதான் தோன்றும்.

ஜூலை 15, செவ்வாய்

காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். வழக்கமாக ஒரு பிள்ளைக்குப் பேச்சு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்து, அது மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு உட்காரும், நாங்கள் கைதட்டுவோம். எனக்கு அதில் திருப்தி கிடையாது.

இந்தத் தடவை வெள்ளிக்கிழமையே ஒரு கேள்வி கொடுத்து அனுப்பினேன். வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் "நீங்க பள்ளிக்கூடம் போனீங்களா, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு வர வேண்டும். எழுத வேண்டாம், கேட்டதை ஞாபகம் வைத்துச் சொன்னால் போதும். இன்று வட்டத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். ஒரு தாத்தா கோதுமை உப்புமாவும் பால் பவுடரும் சாப்பிட்டிருக்கிறார். ஒரு அப்பாயி மூன்றாவதோடு நின்றுவிட்டார், ஆடு மேய்க்க ஆளில்லை. ஒரு பெண்ணின் அம்மாயி பள்ளிக்கூடமே போனதில்லை, "உங்க டீச்சருக்கு வேற வேலை இல்லையா" என்று திட்டிவிட்டு, அப்புறம் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினாராம்.

துணி காயப்போடுகிற மாதிரி சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, அட்டைகளை வருஷ வரிசையில் கிளிப் போட்டு மாட்டினோம். 1920, சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு. 1956, காமராசர் ஆட்சியில் மாநிலம் முழுக்க மதிய உணவு. 1982, எம்ஜிஆரின் சத்துணவு. 2022, காலை உணவு. பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டி படம் வரைந்த அட்டையை எந்த இரண்டு வருஷத்துக்கு நடுவில் மாட்டுவது என்று அவர்களே பேசி முடிவெடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வருஷத்தைக் கழித்துப் பார்த்தது, ஒன்றாம் வகுப்பு நம்பிக்கையின் பேரில் மாட்டியது. "காமராசர் தாத்தாவுக்கு யாரு டீச்சர் சத்துணவு போட்டது?" என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை கேட்டது. யாரும் போடவில்லை, சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார், படிப்பை நிறுத்திவிட்டு மாமா துணிக்கடைக்கு வேலைக்குப் போனார் என்றேன். அறை கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. ஒப்பித்த பேச்சில் இந்தக் கேள்வி வந்திருக்காது.

ஜூலை 16, புதன்

இன்று நீளமாக எழுத நேரமில்லை, ஆனால் நேற்று ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "பேசிக்கொண்டே இருந்தால் எழுத்து எப்போது?"

இன்றுதான். தேங்காய் எப்படிச் சுடுவது என்று எனக்குத் தெரியாத மாதிரி கேட்டேன், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நாரை உரிக்கணும், தரையில உரசி மழமழன்னு ஆக்கணும், கண்ணுல ஓட்டை போடணும், தண்ணியை எடுக்கணும், பாசிப்பருப்பு அவல் எள்ளு வெல்லம் போடணும், திரும்பத் தண்ணியை ஊத்தணும், அழிஞ்சிக் குச்சியைச் சொருகணும், மஞ்சள் பூசணும், சுடணும். அவர்கள் வாயில் வந்தபடியே பெரிய சார்ட்டில் எழுதினேன். அதை வரி வரியாக வெட்டிக் கலைத்துப் போட்டு மலர்ப் பிள்ளைகளிடம் வரிசைப்படுத்தச் சொன்னேன். மொட்டுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல்லை மறைத்துவிட்டு அதை எழுதச் சொன்னேன். அரும்புக்கு எழுத்தட்டைகள், 'தே, ங், கா, ய்' அடுக்க வேண்டும். 'தே' எழுதும்போது கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுகிற பிள்ளைகள் மூவர். காதில் முதலில் விழுவது 'த்', கையில் முதலில் வருவது கொம்பு, குழந்தைக்கு அது நியாயமாகவே படாது. மணல் தட்டில் விரலால் எழுத வைத்தால் சீக்கிரம் வருகிறது.

பேச்சு வழக்கில் எழுதிய சார்ட்டைப் பார்த்து "இப்படித் தப்பும் தவறுமாகச் சுவரில் ஒட்டலாமா?" என்று பார்க்க வருபவர்கள் கேட்பதுண்டு. தான் சொன்னது எழுத்தாக நிற்கிறது என்பதைப் பிள்ளை முதலில் பார்க்கட்டும். 'போடணும்' என்பதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள் என்று அடுத்த நாளே அதே வரியை வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

பாதிப் பிள்ளைகள் வரவில்லை. திட்டமிடும்போதே தெரிந்ததுதான். வந்தவர்களும் சாயங்காலம் எப்போது வரும் என்றே இருந்தார்கள். பள்ளியில் நெருப்பு மூட்ட மாட்டேன், சுடுவது வீட்டில்தான், அதனால் தேங்காயை வைத்து மற்றதெல்லாம் செய்தோம்.

மட்டை உரித்த தேங்காய் வாளித் தண்ணீரில் மூழ்குமா மிதக்குமா. முதலில் கை தூக்கிச் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும், அப்புறம்தான் போட்டுப் பார்ப்பது. கனமாக இருக்கிறது, மூழ்கும் என்றார்கள் பெரும்பாலோர். மிதந்தது. ஆட்டிப் பார்த்தால் சலசலக்கிறது, உள்ளே தண்ணீர் போக மிச்சம் காற்று இருக்கிறது என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள்.

அப்புறம் கண். மூன்று கண்ணிலும் ஆணியை வைத்து அழுத்தச் சொன்னேன். இரண்டு அசையவில்லை, ஒன்று மட்டும் பொசுக்கென்று உள்ளே போனது. ஏன் இது மட்டும்? முளைத்த தேங்காய் ஒன்றைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தேன். முளை அந்த ஒரு கண் வழியாகத்தான் வெளியே வந்திருந்தது. வருஷா வருஷம் வீட்டில் ஓட்டை போடுகிற பிள்ளைகள், எந்தக் கண்ணில் போட வேண்டும் என்று கைக்குத் தெரியும், காரணத்தை இன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அதைவிட, உடைத்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். தேங்காயை உடைத்து இரண்டு மூடியையும் காட்டி, இது என்ன என்றேன். பாதி, பாதி. கண் இருக்கும் மூடியை ஒருவனுக்கும் மற்றதை ஒருத்திக்கும் கொடுத்தேன். அவள் உடனே "அவனுக்குப் பெருசு" என்றாள். அப்படியானால் இது பாதியா இல்லையா? அறை இரண்டாகப் பிரிந்தது. ரெண்டு துண்டு இருக்குதல்ல, அப்பப் பாதிதான் என்று ஒரு கட்சி. பாதின்னா ரெண்டும் ஒண்ணா இருக்கோணும் என்று இன்னொரு கட்சி. துணி மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் கேரிபேக் கட்டித் தராசு செய்து வைத்திருக்கிறோம். போட்டுப் பார்த்தார்கள், கண் இருந்த மூடி கீழே இறங்கியது. சில்லுச் சில்லாகக் கீறி இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றி மாற்றி ஹேங்கர் நேராக நிற்கும்வரை விடவில்லை. நின்றதும் ஒரே கூச்சல். புத்தகத்தில் வட்டத்தை நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் வண்ணம் அடிக்கச் சொல்லியிருக்கும், பாதி என்று. அதை அடித்து முடித்த பிள்ளைகள்தான் காலையில் இரண்டு துண்டு இருந்தாலே பாதி என்று சாதித்தவர்கள்.

ஜூலை 17, இரவு

கீழே ஒருவர், ஆசிரியர்கள் பண்டிகையைப் பள்ளிக்குள் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் பகுதியில் இதைச் சிறுவர்கள்தான் தெருவில் கூடிக் கொண்டாடுகிறார்கள். பாரதப் போர் ஆடி 1-இல் தொடங்கி 18-இல் முடிந்தது, அதற்கு முன் பூசை செய்தார்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். வழிபாட்டை நான் வகுப்பில் தொடுவதில்லை. தேங்காய் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சியின் அரிசி, பருப்பு அளவை வைத்து இதே மாதிரி ஒரு வாரம் நடத்தியிருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

வாசிப்பு நாள். நுழை, நட, ஓடு, பற என்று நிலை வாரியாக வந்த, அரசின் வாசிப்பு இயக்கச் சிறு புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். நேற்றுச் சுட்ட தேங்காயைப் பற்றி அவரவர் இரண்டு வரியாவது எழுத வேண்டும். முடியாதவர்கள் படம் வரைந்து எனக்குச் சொன்னால் நான் எழுதித் தருவேன், அதைப் பார்த்து அவர்கள் எழுதுவார்கள்.

அரும்பில் ஒரு பெண் இருக்கிறாள், மூன்றாம் வகுப்பு. அப்பா அம்மா செங்கல் சூளை வேலைக்கு ஊர் ஊராகப் போவதால் பாதி வருஷம் பள்ளி மாறுவாள். புத்தகத்தைத் திறந்தாலே தலையைக் குனிந்துகொள்வாள். "எங்க அம்மாயி தேங்காய் சுட்டாங்க. வெல்லம் வெளிய வந்துருச்சு" என்று சொன்னாள், எழுதிக் கொடுத்தேன். விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 'வெல்லம்' என்ற இடத்தில் நின்றாள். சுவரில் இருந்த புதன்கிழமைச் சார்ட்டைப் போய்ப் பார்த்தாள், பருப்பு அவல் என்று விரல் வைத்துத் தேடி அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து, திரும்பி வந்து சத்தமாக வாசித்தாள். யாரிடமும் கேட்கவில்லை. எழுத்து எதற்கு இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அவளுடைய நோட்டில் இந்த வாரம் மொத்தம் இரண்டு வரிதான், ஆனால் இரண்டும் அவளால் வாசிக்க முடிகிற வரி.

ஜூலை 19, சனி

ஒருவர், "இதெல்லாம் புதுசா வந்த கூத்து" என்கிறார். புதுசு இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, பின்னால் ஏபிஎல் என்று மாநிலம் முழுக்க எல்லாத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. பாட அட்டை, எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படி, சுவரின் கீழே பிள்ளைகள் கைக்கு எட்டும் கரும்பலகை, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல், சுத்தத்தைப் பிள்ளைகளே குறித்துக்கொள்ளும் ஆரோக்கியச் சக்கரம் எல்லாம் அப்போது வந்தவை. நான் அப்போதும் வேலையில் இருந்தேன். அதில் எனக்குப் பிடித்தது பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம் என்பது. பிடிக்காதது, அட்டையை எடுத்தோம் முடித்தோம் வைத்தோம் என்று பிள்ளைகள் ஒன்றோடொன்று பேசாமலே ஏணியில் ஏறிக்கொண்டிருந்தது. அட்டை எண் ஏறும், உள்ளே எதுவும் ஏறியதா என்று கேட்டுப் பார்க்க நேரம் இருக்காது. எல்லா வகுப்பிலும் அப்படி இல்லை, ஆனால் நிறைய வகுப்பில் அப்படி இருந்தது.

இன்னும் பின்னால் போனால் திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் எழுதுவார்கள், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும், சட்டாம்பிள்ளை மேற்பார்வை. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1790-களில் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கு நடந்த பள்ளியைக் கவனித்து வந்தார். இங்குள்ள நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார், பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தரும் முறையையும் வளர்த்து 1797-இல் லண்டனில் அச்சிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. மூன்று வகுப்பை ஒரே அறையில் நடத்துகிற எனக்கு அந்த முறை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. திங்கட்கிழமை ரப்பர் பேண்டைக் கழற்றியவன் புதன்கிழமை இன்னொருவனுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான், நான் வாயைத் திறக்காமல் இருந்த மாதிரியே அவனும் குச்சியை நீட்டிவிட்டுக் கம்மென்று இருந்தான். பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜூலை 26, சனி

வாய்ப்பாடு பற்றி நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் குறிப்பில் நான் அதைத் தொடவே இல்லை, தொட்டிருக்க வேண்டிய விஷயம்தான். நான் மனப்பாடத்துக்கு எதிரி இல்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரை தெரிந்த தலைமுறை சந்தையில் ஏமாறாது, எங்கள் அப்பா அப்படித்தான். நாலேழு இருபத்தெட்டு என்று யோசிக்காமல் வந்தால்தான் பெரிய வகுத்தலுக்குள் நுழையும்போது பிள்ளைக்கு மூச்சு முட்டாது. ஆனால் நாலேழு என்பது நாலு வரிசையில் ஏழு ஏழு புளியங்கொட்டை என்று தரையில் அடுக்கிப் பார்த்திருக்க வேண்டும். அடுக்கிய பிள்ளைக்கு இருபத்தெட்டு மறந்துபோனாலும் மூவேழு இருபத்தொன்றோடு ஏழைச் சேர்த்து வந்துவிடும். ஒப்பித்த பிள்ளை மறந்தால் ஓரொண்ணு ஒண்ணிலிருந்து திரும்பத் தொடங்கும். இரண்டும் வேண்டும், அடுக்குவது முதலில்.

எழுதும் பயிற்சியிலும் இப்போது கொஞ்சம் மாற்றி யோசிக்கிறேன். இந்த வாரம் மலர்ப் பிள்ளைகளை மட்டும் தினம் ஐந்து வரி சொந்தமாக எழுத வைத்தேன். முதல் நாள் முனகினார்கள். வெள்ளிக்கிழமை ஒருத்தி பக்கம் போதவில்லை என்று தாளைத் திருப்பி எழுதினாள். பேச்சு ஊறிய பிள்ளைக்கு எழுத்து மூன்றாம் வகுப்பிலேயே அதிகம் கேட்கலாம் போலிருக்கிறது, நான் வழக்கமாகக் கேட்பதைவிட அதிகமாகவே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு, ஆற்றுப் பக்கம் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். மகனிடம் வீட்டில் இருந்த தீக்குச்சியைக் கொடுத்து 53-இலிருந்து 28 எடு என்றாராம், அவன் கட்டாமலே ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து 25 என்றானாம். விடை சரிதானே, அப்புறம் என்ன என்று கேட்கிறார்.

விடை சரி, ஆனால் அவன் இன்னும் ஒன்றொன்றாகத்தான் எண்ணுகிறான், பத்தை ஒரு கட்டாகப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்பில் அது வந்திருக்க வேண்டும், நாலாவதில் ஆயிரங்கள் வரும்போது தடுமாறுவான். திட்டாதீர்கள். இன்னொரு தடவை குச்சியைக் கொடுக்கும்போது பத்துப் பத்தாகக் கட்டியே கொடுங்கள், அவிழ்க்கலாமா என்று அவனே கேட்கும்வரை பேசாதீர்கள். பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய்க் காசும் வைத்துக் கடை விளையாட்டு ஆடினாலும் சரி, சில்லறை மாற்றும்போது அதே வேலை நடக்கும்.

அப்புறம் பள்ளிக்குப் போகும்போது நோட்டைக் கேட்காதீர்கள், என் மகன் தமிழில் எந்த நிலையில் இருக்கிறான், கணக்கில் எந்த நிலையில், போன மாதத்திலிருந்து எது நகர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத ஆசிரியரிடம் சண்டை போடுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று கேட்டு அதற்கும் போங்கள். எங்கள் பள்ளிக் கூட்டத்துக்கு அம்மாக்கள்தான் வருகிறார்கள், அப்பாக்கள் வாசலில் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதெல்லாம் முடியுமா என்று கேட்டவருக்கு: தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அதற்கு மேல் போனால் ஈர்க்குச்சியைக் குழுவுக்கு ஒரு செட் என்று கொடுத்து, சொல்லித்தரத் தெரிந்த பிள்ளையை ஒவ்வொரு குழுவிலும் உட்கார வையுங்கள். ஒரு நாளில் எல்லோரிடமும் போக முடியாது. திங்கள் ஒரு குழு, செவ்வாய் ஒரு குழு என்று பிரித்துக்கொண்டு, வெள்ளிக்குள் எல்லாப் பிள்ளையின் பக்கத்திலும் ஒரு தடவையாவது உட்கார்ந்து எழுந்துவிடலாம். நாளைக்கு எனக்கு அரும்புக் குழு.